கையை நீட்டியது யார்?

மேனகா போன வாரம் போனை வைத்த வேகம் உங்களுக்கு மறந்திருக்காது. "சனிக்கிழமைப் பரீட்சையில இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா அப்பறம் எங்கிட்டப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். அவள் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. புருஷன் முருகனும் மகள் சிவசக்தியும் ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்தில்.

முருகன் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் ஜெர்மன் மொழியில் ஆரம்பத் தேர்வு ஒன்று தேற வேண்டும். நூற்றுக்கு அறுபது. முதல் முறை நாற்பத்தொன்று வாங்கினான். இரண்டாம் முறை ஐம்பத்து நாலு. மூன்றாம் முறை இந்தச் சனிக்கிழமை, கோயம்புத்தூரில். இதை விட்டால் புரட்டாசி வரை இடமே இல்லை. சிவசக்திக்கோ ஆவணியில் பதினாறு முடிகிறது. அதற்குள் விசாவுக்கு மனுப் போடாவிட்டால் பிள்ளைக்கு விதிகள் இன்னும் கடுமை.

பிள்ளையை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. மேனகா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வந்தால் இரண்டு பேரும் வாருங்கள் என்பதுதான் அவள் பேச்சு.

ஆக, எல்லாம் ஒரு மனுஷனின் நாக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மனுஷன் என்ன காரியம் பண்ணி வைத்தான் என்று இந்த வாரம் சொல்கிறேன். எழுதுகிற எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, படிக்கிற நீங்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

புதன்கிழமை காலை எட்டரை மணி. சிவசக்தி அப்பாவுக்கு எதிரே நோட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு வரிசை கெடையாதுங்கப்பா. நா கேக்கற நம்பருக்கு நேராச் சொல்லோணும்."

"வரிசையாவே சொல்றனே கண்ணு."

"பரீட்சையில வரிசையா கேப்பாங்களா? போன தடவை பட்டது போதாதுங்களா?"

நம்பர் விவரம் புதிதாகப் படிப்பவர்களுக்கு. ஜெர்மனில் சில வினைச்சொற்கள் 'நான்' என்னும்போது ஒழுங்காக இருக்கும். 'நீ' என்றோ 'அவன்' என்றோ சொன்னால் நடு வயிற்றில் ஒரு எழுத்து மாறிவிடும். நான் ஓட்டுகிறேன் என்றால் ஃபாரெ. நீ ஓட்டுகிறாய் என்றால் ஃபேர்ஸ்ட். அவன் ஓட்டுகிறான் என்றால் ஃபேர்ட். எது மாறும், எது மாறாது என்று நியாயம் கேட்கக் கூடாது. மனப்பாடம்தான்.

முருகன் பதினேழு வருடமாக ஏற்காடு மலைப் பாதையில் பிக்கப் ஓட்டுகிறான். காப்பியும் மிளகும் கீழே இறக்குவான், சேலத்திலிருந்து மளிகை ஏற்றி வருவான். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் தூங்கி விழுந்த மனுஷனுக்கு மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அடிவாரத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவு. அப்படி மாறுகிற இருபது வினைச்சொற்களைப் பொறுக்கி, வளைவுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தாள். ஒன்றாம் வளைவில் கொடுப்பது. மூன்றில் படிப்பது. ஒன்பதில் உதவி செய்வது. பதினொன்றில் தூங்குவது. பதினாலில் சாப்பிடுவது. பதினேழில் மறப்பது.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே வாய் சொல்லிவிடும். ஒரு மாதத்தில் இருபதும் வந்துவிட்டது. மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பரீட்சை அறையில் வளைவு ஏது?

"பதினொண்ணு" என்றாள் சிவசக்தி.

"தூங்கறது. ஷ்லாஃபன்."

"அவன் தூங்குகிறான்?"

"ஏர்... ஷ்லாஃப்ட்."

"தப்பு. ஷ்லேஃப்ட். நேத்துச் சரியாத்தானே சொன்னீங்க? சரி, பதினாலு. நீ சாப்பிடுகிறாய்?"

முருகன் கூரையைப் பார்த்தான். உதடு அசைந்தது. அடிவாரத்திலிருந்து ஏறுகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டூ... எஸ்ட்."

"டூ இஸ்ட்! எத்தனை தடவைங்கப்பா? இந்தாங்க, பத்துத் தடவை எழுதுங்க."

பேனாவை நீட்டினாள். அவன் வாங்கக் கையை நீட்டினான். வைகாசி மாதத்தில், அடுப்புப் பக்கத்தில், முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறாரே என்று அவள் அப்போதுதான் நினைத்தாள். பொத்தான் தளர்ந்து சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் மஞ்சள் நூல். நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு.

காப்பு.

மாரியம்மன் திருவிழாவுக்கு நேற்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். பங்காளி வீட்டுக்கு ஒரு ஆம்பிளை கட்டிக்கொள்ள வேண்டும். கட்டினவன் அடுத்த வார வியாழன் பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த கட்டுப்பாடு இது.

"அப்பா." அவள் குரல் தணிந்துதான் வந்தது. "என்னங்கப்பா இது?"

முருகன் சட்டைக் கையை இழுத்துவிட்டான்.

"சனிக்கிழமை கோயமுத்தூர் போகோணுமே. காப்போட எப்படிப் போவீங்க?"

"அண்ணன் நிக்கறப்ப நா என்ன கண்ணு சொல்றது? ஊர்க் காரியம்."

"பெரியப்பாவா கட்டச் சொன்னாங்க?"

அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டம்ளரில் ஆறிப் போன டீயை எடுத்துக் குடித்தான். அந்த ஒரு மடக்கு டீக்காக அவனை நான் மன்னிக்கப் போவதில்லை.

சிவசக்தி நோட்டை வீசி எறிந்துவிட்டு வெளியே பாய்ந்தாள்.

பெரியப்பா ஐயாக்கண்ணுவின் வீடு காப்பித் தோட்டத்துக்கு மேல் பக்கம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான தோட்டம். மழைக்கு முந்தி நிழல் மரங்களைக் கழித்துவிட வேண்டும் என்று ஐயாக்கண்ணு சில்வர் ஓக் மரத்தில் ஏறி, அரிவாளோடு நின்றிருந்தார். பெரியம்மா கண்ணாயி கீழே விழுந்த கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கோயில் பந்தலுக்கு மூங்கில் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் அந்த வழியாகப் போனார்கள்.

"பெரியப்பா, கீழ எறங்குங்க!"

"என்ன சாமி, காலங்காத்தால?"

"எறங்குங்கன்னா எறங்குங்க. உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணும்."

மூங்கில்காரர்கள் நின்றுவிட்டார்கள். வேடிக்கை என்றால் நம் ஆட்களுக்குத் தோளில் பாரம் தெரியாது.

"எங்கம்மா போனதுல இருந்தே உங்களுக்குப் பொறுக்கலீங்க. எங்கப்பாவும் போயிட்டா தோட்டத்துல ஆள் கொறைஞ்சு போகும்னுதானே பாக்கறீங்க? மூஞ்சிக்கு நேரா போகாதேன்னு சொல்லியிருக்கலாமுங்க. சாமி பேரைச் சொல்லிக் கையைக் கட்டிப்போட்டீங்களே, இது அடுக்குமா?"

"ஏ புள்ள, வாயை அடக்கு!" கண்ணாயி கிளையைக் கீழே போட்டாள். "பெரியவங்க கிட்டப் பேசற பேச்சா இது?"

"பெரியவங்க பண்ற காரியமாங்க பெரியம்மா இது? எனக்குப் பத்தாவது பரீட்சை நடக்கறப்பக்கூட நா எம் பாடத்தை விட்டுப்போட்டு எங்கப்பனுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தேன். சனிக்கிழமை போச்சுன்னா எல்லாமே போச்சு. உங்களுக்கென்னங்க, நாங்க இப்படிப் பிரிஞ்சு கெடந்தா!"

சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. அழுகை வந்ததால் இன்னும் கோபம் வந்தது.

ஐயாக்கண்ணு அவசரப்படாமல் இறங்கினார். மனுஷனுக்கு முன்கோபம் உண்டு, ஊரே அறியும். ஆனால் அப்போது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எங் கையைப் பாரு."

வெறும் மணிக்கட்டு.

"பதினெட்டு வருசமா நம்மூட்டுக்குக் காப்பு நாந்தான் கட்டறேன். இந்த வருசமும் தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு நாந்தான் போயி நின்னேன். உங்கொப்பன் பின்னால இருந்து வந்தான். 'அண்ணா, இந்த வருசம் எனக்கு விட்டுக் குடுங்க, வேண்டுதல் இருக்குது'ன்னான். ஏன்டா, உனக்குப் பரீட்சை இருக்குதேன்னு கேட்டேன். தள்ளிப் போயிருச்சுங்கண்ணான்னு சொன்னான். பூசாரி முன்னால அவனாத்தான் கையை நீட்டுனான்."

"பொய்யி."

"நா பக்கத்துல தட்டம் புடிச்சுக்கிட்டு நின்னேன் கண்ணு" என்றாள் கண்ணாயி. அவள் குரல் இறங்கியிருந்தது. "உங்கம்மாவோட போயிச் சேரோணும்னு வேண்டிக்கிட்டிருக்கறான் போலன்னு நா நெனச்சேன்."

சிவசக்தி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூங்கில்காரர்களில் ஒருவர், "ஆமா பாப்பா, நானும் பாத்தேன்" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டு நடந்தார்.

"அப்ப சனிக்கிழமை பரீட்சை இருக்குதா?" ஐயாக்கண்ணு கேட்டார்.

"இருக்குதுங்க பெரியப்பா."

"தள்ளிப் போகல?"

"இல்லீங்க."

இப்போது வந்தது கோபம். அரிவாளை ஓங்கி மரத்தில் ஒரு கொத்து. அது அங்கேயே நின்றது.

"மாரியாத்தா முன்னால நின்னுக்கிட்டு எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கறான். தம்பிக்கு இப்பத்தான் புத்தி வந்து சாமி காரியத்துக்கு வாரான்னு நா ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறேன். வா சொல்றேன்."

"பெரியப்பா, நா பேசுனது..."

"அதை அப்பறம் பாத்துக்கலாம். நட."

முருகன் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மகள் வீசிய நோட்டை எடுத்து மடியில் வைத்திருந்தான். அண்ணன் வாசலில் தலை குனிந்து உள்ளே வந்ததைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"பரீட்சை தள்ளிப் போயிருச்சாடா?"

முருகன் நோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"கேக்கறேனில்ல? நாக்கு எங்க போச்சு? நேத்துச் சாமி முன்னால நல்லாத்தானே பேசுச்சு!"

"அண்ணா, புள்ளை முன்னால..."

"புள்ளை முன்னாலதான்டா கேக்கோணும். அந்தப் புள்ளை ஊரு பாக்க எம் மேல பாஞ்சுது. எதுக்கு? நீ பண்ணுன காரியத்துக்கு! நீ வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த!"

சுவரில் சாய்த்து வைத்திருந்த போன் அடித்தது. ஒன்பதரை. நைட் டூட்டி முடிகிற நேரத்தில் மேனகா தினமும் கூப்பிடுவாள். சிவசக்தி எடுத்து, எதுவும் சொல்லாமல், அப்பாவின் மணிக்கட்டுக்கு நேரே காட்டினாள்.

வீடியோவில் மேனகா முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"காப்புங்களா அது?" என்றாள் மேனகா.

"அவராப் போயிக் கையை நீட்டிக் கட்டிக்கிட்டாரும்மா. பெரியப்பாகிட்டப் பரீட்சை தள்ளிப் போச்சுன்னு சொன்னாராம். எங்கிட்டப் பெரியப்பா கட்டிவிட்டாருன்னு நெனைக்க விட்டாரு."

"ஏனுங்க. நெசமா?"

முருகனுக்கு அதுவரை அடைத்திருந்தது அப்போது உடைந்தது.

"ஆமா! நாந்தான் நீட்டுனேன்! என்ன இப்ப? மார்க்கு எத்தனை, மார்க்கு எத்தனைன்னுதான் ஆளாளுக்குக் கேட்டீங்க. அந்த ரூமுல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? எதிர்ல எங்கூடப் பரீட்சைக்கு வந்த ஒரு புள்ளை, இருபது வயசு இருக்கும். எனக்கு வந்த சீட்டுல ரொட்டின்னு ஒரு வார்த்தை. நீ ரொட்டி சாப்புடுவியான்னு அந்தப் புள்ளையக் கேக்கோணும், அவ்வளவுதான். சாப்புடறது பதினாலாவது வளைவு. நா அடிவாரத்துல இருந்து ஏறறேன். வாய் முணுமுணுங்குது, கை ரெண்டும் தானா ஸ்டீயரிங்கு திருப்புது. அந்தப் புள்ளை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. நா பதினொண்ணுல இருக்கறப்பவே பரீட்சை வெக்கற அம்மா சீட்டைத் திருப்பி வாங்கிட்டாங்க. நாப்பத்திரண்டு வயசுல அந்த நாற்காலியில உக்காந்து பாருங்க, தெரியும்!"

"சிரிச்சா செத்தா போயிருவ?" என்றார் ஐயாக்கண்ணு.

மேனகா அவரைப் பேச விடவில்லை.

"மாமா, நீங்க இருங்க. ஏனுங்க, நா இங்க வந்த மொத மாசம் ஒரு பெரியவரு தலகாணி கேட்டாரு. நா மூத்திரச் சட்டியக் கொண்டுபோயி நீட்டுனேன். வார்டே சிரிச்சுது. பாத்ரூமுல போயி அழுதுபோட்டு, மூஞ்சியக் கழுவிக்கிட்டு மறுக்கா வந்து அதே பெரியவரு முன்னால நின்னேன். இங்க ஒரு மாரியாத்தா இருந்திருந்தா நானும் காப்புக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு யாரு இருந்தாங்க?"

"நீ படிச்சவ."

"படிச்சவளுக்கு வெக்கம் இருக்காதுங்களா?"

"அங்க வந்து நா என்ன பண்றது மேனகா?" முருகன் கத்தினான். "இங்க நா டிரைவரு. மலையில எந்த வளைவுல எந்த நேரத்துல பனி எறங்கும்னு எனக்குத் தெரியும். அங்க என் லைசென்சு செல்லுமா? நீ டூட்டிக்குப் போவ, இவ பள்ளிக்கூடம் போவா. நா ஊட்டுல உக்காந்து உனக்குச் சோறு வடிச்சுக்கிட்டுக் கெடக்கறதா?"

"வடிச்சா என்னங்க? பதினஞ்சு வருசம் நா வடிக்கலையா? டூட்டியும் பாத்துக்கிட்டுத்தானே வடிச்சேன்?"

எந்த ஆம்பிளையிடமும் இதற்குப் பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

சிவசக்தி இருவருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. 'நான்'னா மாறாதாம், 'நீ'ன்னாத்தான் மாறோணுமாம். அந்தப் பாடம் மட்டும் இந்த ஊட்டுல எல்லாருக்கும் நல்லாத்தான் வருது. என்னை ஆராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு அம்மாகிட்டப் போகோணும். அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போகோணும். அதுக்குத்தான் லீவு முச்சூடும் இந்த எழவைச் சொல்லிக் குடுத்தேன். படிப்பு வரலைன்னா பரவாயில்லீங்கப்பா, ஒண்ணும் வருத்தமில்ல. பொய் சொன்னீங்களே!"

ஐயாக்கண்ணு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒரு வழி இருக்குது. மொதப் பொங்கல் வெக்கறதுக்குள்ள, சாமி உத்தரவு குடுத்தா, ஒரு பங்காளி கையில இருக்கற காப்பை இன்னொரு பங்காளி கைக்கு மாத்தலாம். எங்கப்பன் காலத்துல ஒருக்கா மாத்தியிருக்குது. நாளைக்குப் பொங்கல். விடியறப்ப பூக் கேப்போம். வெள்ளை வந்தா காப்பை நா வாங்கிக்கறேன், நீ கோயமுத்தூருக்கு வண்டி ஏறு. செவப்பு வந்தா..."

"செவப்பு வந்தா?" மேனகா கேட்டாள்.

"செவப்பு வந்தா அவன் இங்கதான் இருக்கோணும் அம்மிணி. அதை மீற நம்மளால ஆகாது."

"சரிங்க மாமா. கேளுங்க. ஆனா நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். பூ வெள்ளையோ செவப்போ, எம் புள்ளை ஆவணிக்குள்ள எங்கிட்ட வாரா. ஏனுங்க, உங்களுக்குப் பேப்பர் அனுப்பறேன். புள்ளைய மட்டும் அனுப்பச் சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க. அதுக்குப் பரீட்சை கெடையாதுங்க."

போன் அணைந்தது. வந்தால் இரண்டு பேரும் என்று இரண்டு வருடம் பிடிவாதம் பிடித்தவள் சொன்ன சொல் இது. முருகன் சுவரோரம் உட்கார்ந்தான்.

மத்தியானம் கண்ணாயி ஒரு குண்டானில் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சிவசக்தி தட்டுப் போட்டு அப்பா பக்கம் தள்ளிவிட்டாள், அவளும் சாப்பிட்டாள். கோபத்துக்குப் பட்டினி கிடக்கிற பெண் இல்லை அவள், அம்மா மாதிரி.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணனும் தம்பியும் பூசாரியைப் பார்க்கப் போனார்கள். சிவசக்தியும் பின்னாலேயே போனாள். யாரும் கூப்பிடவில்லை. பூசாரி காப்பைத் தொட்டுப் பார்த்தார், முருகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமி கிட்ட வெளையாட்டாடா உனக்கு?"

"தப்புத்தானுங்க."

"வெள்ளை அரளி ஒரு பொட்டணம், செவப்பு அரளி ஒரு பொட்டணம். விவரம் தெரியாத ஒரு சின்னப் புள்ளையக் கூட்டியாந்து எடுக்க விடுவோம். காலையில ஆறு மணிக்குத் தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வந்துரோணும். மனசுல ஒண்ணை நெனச்சுக்கிட்டு வாயில ஒண்ணைச் சொன்னா ஆத்தாளுக்குத் தெரியும்" என்றார் பூசாரி.

திரும்பும்போது ஐயாக்கண்ணு பந்தல் வேலைக்கு நின்றுவிட்டார். போவதற்கு முந்தி சிவசக்தியின் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். காலையில் பேசிய பேச்சுக்கு அதுதான் அவர் சொன்ன பதில்.

அப்பாவும் மகளும் காப்பித் தோட்டத்து வழியாக நடந்தார்கள். அவன் முன்னால், அவள் நாலடி பின்னால். வெளிச்சம் இன்னும் இருந்தது. கழித்துப் போட்ட கிளைகள் வழியெல்லாம் கிடந்தன.

"பதினாலு" என்றாள் சிவசக்தி, திடீரென்று, பின்னாலிருந்து.

"டூ இஸ்ட்."

கேட்டு வாய் மூடுவதற்குள் வந்தது பதில். உதடு முணுமுணுக்கவில்லை. கை திரும்பவில்லை.

அவள் இரண்டடி நெருங்கினாள். "ஒம்பது."

"டூ ஹில்ஃப்ஸ்ட்."

"பதினேழு. அவன்."

"ஏர் ஃபெர்கிஸ்ட்."

"மூணு."

"டூ லீஸ்ட். ஏர் லீஸ்ட்."

"பதினொண்ணு?"

அப்போதுதான் முருகனுக்கு உறைத்தது. நின்றுவிட்டான். திரும்பவில்லை.

"ஏர் ஷ்லேஃப்ட்" என்று அவளே சொன்னாள். "காலையில ஷ்லாஃப்ட்னு சொன்னீங்க. கூரையைப் பாத்து உதட்டை அசைச்சு அசைச்சு, பதினாலையும் தப்பாச் சொன்னீங்க. உங்களுக்கு எல்லாம் நேரா வருதுங்கப்பா. எத்தனை நாளா வருது?"

அவன் வழியில் கிடந்த ஒரு கிளையைக் காலால் ஒதுக்கினான்.

"எத்தனை நாளா என்னை ஏமாத்தறீங்க?"

"பத்து நாளு இருக்கும்" என்றான் முருகன். தோட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

பத்து நாள். அந்தப் பத்து நாளும் விடிகாலையில் எழுந்து, வரிசையைக் கலைத்துக் கலைத்துச் சீட்டு எழுதினாளே, அந்தப் பிள்ளை. தப்பு, தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டாளே. எல்லாம் தெரிந்த வாயை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கையில் கிடைத்திருந்தால் நானே நாலு கேட்டிருப்பேன்.

சிவசக்தி கத்தவில்லை. காலையிலிருந்து கத்திக் கத்தி அவளுக்கு அது தீர்ந்துபோயிருந்தது. சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள்.

"அப்பா. பூசாரி சொன்னதைக் கேட்டீங்கல்ல. ஆத்தாளுக்குத் தெரியுமாம். எனக்கும் தெரியோணுமுங்க. நாளைக்குக் காலையில எந்தப் பூ வரோணும்னு வேண்டிக்கப் போறீங்க? வெள்ளையா, செவப்பா?"

கீழே கோயிலில் மைக் செட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது.

"சொல்லுங்கப்பா."

முருகன் மகள் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டான்.